கை நுழையும் முன் கேட்கும் கேள்வி

ஓய்வு பெற்ற பிறகு, காலையில் கண் விழித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடக்கிறேன். ஏரிப் பக்கமிருந்து பனி மெல்ல இறங்கி வந்து ஜன்னல் கம்பிகளில் உட்காரும். எங்கோ ஒரு மாடு கத்தும். பசிக்குக் கத்துகிறதா, பருவத்துக்குக் கத்துகிறதா, கன்றைத் தேடிக் கத்துகிறதா என்று காது தானாகவே பிரித்துச் சொல்லிவிடும். எழுந்து ஓட வேண்டியதில்லை. அந்தச் சத்தம் பனிக்குள் கரைந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் மாடு கத்துவதில் இவ்வளவு இசை இருப்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஜனங்களுக்கு மாட்டு டாக்டர். டாக்டர் வேறு, நான் வேறு என்று சொல்லிப் பார்த்து அலுத்துப் போனேன். "சரி டாக்டரே" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அப்படியே கூப்பிடுவார்கள். என் இடத்துக்கு இப்போது திவ்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. போன வாரம் போன் செய்தாள். "சார், முன்னாடியெல்லாம் ஆள் தேடி வருவாங்க. இப்போ போன்லயே மாட்டோட போட்டோவை அனுப்பி, என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. மத்தியானத்துக்கு மேல எதைக் கேட்டாலும் அழுகை வருது. வீட்டுக்குப் போனா என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கவே முடியாம பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துடறேன்" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் அவளுக்காக இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோள்பட்டைவரை உறை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மாட்டின் வயிற்றுக்குள் இருப்பதை விரல் நுனியால் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எத்தனையோ உதை வாங்கினேன். அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, உதையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கேள்விகள்தான் ஆளைச் சாய்க்கும் என்று. காலையில் மருந்தகத்தைத் திறப்பதற்குள் வேப்பமரத்தடியில் மாடுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். சினை ஊசி போட வந்தவர் "எது போடலாம் டாக்டரே, ஜெர்சியா, கருப்பு வெள்ளையா?" என்பார். அடுத்தவருக்குப் பூச்சி மருந்து இப்போதா அடுத்த மாதமா என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு, "இத வச்சிக்கலாமா, வித்துடலாமா, நீங்களே சொல்லிடுங்க." ஒவ்வொருவருக்கும் அது ஒரே ஒரு கேள்வி. எனக்கு அது காலையிலிருந்து எத்தனையாவது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொல்லிவிட்டு, மொபெட்டை உதைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். வெயில் சாய்கிற நேரத்தில் சாலவாக்கம் கூட்டுரோட்டு டீக்கடையில் நிற்பேன். "டீயா, காப்பியா சார்?" என்பார் மாஸ்டர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். டீ என்று சொல்ல வாய் வராது, காப்பி என்றும் வராது. பாய்லர் ஆவி மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் அவராக ஏதோ ஒன்றை ஆற்றிக் கையில் கொடுப்பார்.

வீட்டுக்குப் போனால் கமலா நிற்பாள். என் மனைவி. வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். ஒருநாள் அவள் வழக்கம்போல, "ராத்திரிக்கு இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாள். நான், "எதையாவது பண்ணேன், எதுக்கு என் உயிரை வாங்கற?" என்று கத்திவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதையாவதுன்னு ஒரு கொழம்பு கீதா? இருந்தா சொல்லு, பண்றேன். நீ மட்டும்தான் நாளெல்லாம் பதில் சொல்றியா? கழுத்து ரவுண்டா, பானையா, கை முட்டி வரைக்குமா, மேலயா, கொக்கி முன்னாடியா, பின்னாடியான்னு காலைலேர்ந்து எனக்கும்தான் பேஜார். உன்ன கேட்டது நான் திங்கறதுக்கில்ல. யாராவது ஒருத்தர் எனக்கும் ஒண்ண முடிவு பண்ணிச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடப் பார்த்த அந்தக் கேள்வியை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தலை தெளிந்திருக்கும்போது நடுவில் வைத்துப் பேசினோம். தீர்வு கமலாவினுடையதுதான். எங்கள் தெருவுக்குக் கீரைக்காரம்மா திங்கட்கிழமை வருவாள். புதன்கிழமை மீன் வண்டி. வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம். எந்தக் கிழமை எது வாசலுக்கு வருகிறதோ அதுதான் அன்றைய குழம்பு என்று வைத்துவிட்டாள். வியாழக்கிழமை ஒன்றும் வராது. அன்றைக்குப் பருப்புத் துவையலும் ரசமும். அதோடு விடவில்லை. என் சட்டைகளை எடுத்துக் கொடியில் கிழமை வரிசையில் மாட்டினாள். திங்கள் வெள்ளை, செவ்வாய் கட்டம் போட்டது, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், வெள்ளி நீலம். கூட்டுரோட்டு மாஸ்டரிடம் நான் போய், "இனிமே என்ன கேக்காதீங்க, டீதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த ஊருக்கு எந்தக் கிழமை போவது என்பதையும் அப்படியே கட்டிப் போட்டேன்.

அதன் பிறகு வந்த காலைகளை எப்படிச் சொல்வது? எழுந்ததும் கை தானாகக் கொடிக்குப் போகும், கால் தானாக வண்டிக்குப் போகும். ஏரிக்கரை மேல் போகும்போது மனம் காலியாக இருக்கும். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகள்மேல், பனி ஆவியாகிக்கொண்டிருக்கும். திருமுக்கூடல் பாலத்தில் வண்டியை நிறுத்தி, மணலுக்கு நடுவே நூல்போல ஓடும் தண்ணீரைப் பார்ப்பேன். அங்கே வந்து சேரும் மூன்று ஆறுகளும் யாரையும் கேட்காமல் கலந்துகொள்ளும். எனக்கு அந்த நேரம் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த நேரத்தில் சேர்ந்த தெம்புதான் அன்றைய மாடுகளுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது.

ஊரார் இதைத் தங்கள் வழியில் பயன்படுத்திக்கொண்டார்கள். என் சட்டை அவர்களுக்குக் காலண்டர் ஆகிவிட்டது. "மஞ்ச சட்டை போவுது, வியாழக்கெழமடி, மாவு அரைக்கணும்" என்று பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழும். ஒரு மழைக்காலத்தில் சட்டை காயாமல், புதன்கிழமையன்று நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, வாங்கிய மீனை வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, "வெள்ளிக்கெழமையில மீன் விக்க வந்துகிறான் பாரு" என்று திட்டியும் அனுப்பியிருக்கிறார். அன்று சாயங்காலம் உண்மை தெரிந்து அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தது தனிக் கதை.

இது வீட்டு விஷயம். வேலையில் இதே சங்கதியை வேறு விதமாகச் செய்தவர் எங்கள் மருந்தக டாக்டர் பரிமளா. என்னைவிட வயதில் இளையவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சுற்றி நிற்பவர்கள், "டாக்டரம்மா, கைய வச்சிப் பாருங்களேன்" என்று பதறுவார்கள். அவர் பதறமாட்டார். கயிறு எங்கே, வாளி எங்கே, வெந்நீர் கேட்டால் யார் கொண்டுவருவது, மாடு படுத்தால் எந்தப் பக்கம் படுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியாக மாட்டுக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"ரெண்டுல ஒண்ணுதான் பொழைக்கும்னு வந்தா, தாயா, கன்னா?"

பிரசவத்துக்குத் தவிக்கிற மாட்டின் முன்னால் இதைக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "நல்ல வார்த்த சொல்லும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு அம்மா அவர்மேல் மஞ்சள் தண்ணீரையே தெளித்துவிட்டாள். டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே குரலில் மறுபடியும் கேட்டார். பதில் வராமல் அவர் கை உள்ளே போகாது. ஒருநாள் ஜீப்பில் வரும்போது, ஏன் இப்படி முதலிலேயே கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "உள்ளே கை வச்சப்புறம் கேட்டா, அவங்க அழுவாங்க. அழறவங்களைக் கேட்டு நாம முடிவெடுத்தா அது அவங்க முடிவும் இல்ல, நம்ம முடிவும் இல்ல. கை உள்ள போறதுக்கு முன்னாடி கேள்வியெல்லாம் வெளிய முடிஞ்சிடணும்" என்றார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார். அவருக்கு எந்த இடத்திலும் உடனே தூக்கம் வரும்.

எஸ்தர் வீட்டு மாட்டுக்கு வருகிறேன்.

எஸ்தருக்கு நிலம் கிடையாது. நடவுக்கும் களைக்கும் போகிறவள். அவள் கட்டியிருந்த ராணி என்கிற பசுவும் அவளுடையது இல்லை. அதே ஊரில் நிலம் வைத்திருக்கும் தேவராஜுடையது. வாரத்துக்கு வளர்த்தாள். அந்த ஊரில் வாரம் என்றால் இப்படி: புல் போட்டு வளர்க்கிறவளுக்குப் பால், முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது கன்று வளர்த்தவளுக்கு, அந்தக் கன்று பால் மறந்ததும் மாடு திரும்ப மாட்டுக்காரர் தொழுவத்துக்குப் போய்விடும். முதல் ஈற்று முடிந்து கன்று தேவராஜ் வீட்டுக்குப் போயாகிவிட்டது. ராணியின் வயிற்றில் இருந்தது எஸ்தரின் கன்று. அவளுக்கென்று இந்த உலகத்தில் வரப்போகிற முதல் மாடு. சினை ஊசி போட்ட நாளிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும், "பொட்டக் கன்னா போடும் இல்ல சார்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

அன்று காலை நான் போனபோது ராணி நின்றுகொண்டிருந்தது. விடியலிலிருந்து வலி, முக்குகிறது, தண்ணீர்க்குடம் மட்டும் வரவில்லை. தகவல் கேட்டு தேவராஜும் இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, நல்ல மனிதர்தான். பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தால்தான் இப்படி நிற்கும். பிழிந்த துணிபோல வழி முறுக்கிக்கொள்ளும். கன்று வர வழியே இருக்காது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன். "ரெண்டுல ஒண்ணுன்னா, தாயா, கன்னா?"

"மாடுதான். இதுல இன்னா கேள்வி?" என்றார் தேவராஜ்.

எஸ்தர் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையைப் பார்த்தபடி, "கன்னு சார்" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"மாடு உங்களுது நைனா. எனக்கு அந்தக் கன்னுதான் கீது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள். கன்று பிறக்கும்போதே செத்தால் வளர்த்தவளுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் ஊர் வழக்கம். அத்தனை வருஷம் வெயிலில் அறுத்துச் சுமந்த புல்லெல்லாம் அந்த வயிற்றுக்குள்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் பாசமும் பயமும் சேர்ந்தே வந்தன.

டாக்டருக்குப் போன் போட்டேன். வட்டாரத்தின் வேறு கோடியில் தடுப்பூசி முகாமில் இருந்தார். நிலவரத்தைச் சொன்னேன். "கிளம்பறேன். ஆனா லேட்டாகும். முறுக்குதான்னா நீங்களே உருட்ட ஆரம்பிச்சிடுங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். ரெண்டு பதில் வருது."

"அப்போ நீங்க இன்னும் கேட்கல" என்று வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மாடு ஒரு முக்கு முக்கி, தலையைத் தாழ்த்தியது. வேப்பம்பூ உதிர்ந்து அதன் முதுகில் விழுந்தது. அந்தச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், என் தலை கலங்கவில்லை. அன்றைக்கு நான் அதுவரை எதையும் முடிவு செய்திருக்கவில்லை. சட்டை, சாப்பாடு, வழி எல்லாம் எனக்கு முன்பே முடிந்திருந்தன. அதனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"தேவராஜ் ஐயா, கன்னு செத்து மாடு பொழைச்சா, எஸ்தருக்கு என்ன?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அது அவ தலையெழுத்து சார். ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஊர் வழக்கம் தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் மாட்டைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சரி சார். கன்னு போச்சின்னா இன்னொரு ஈத்துக்கு மாடு அவகிட்டயே நிக்கட்டும். அந்தக் கன்னு அவுளுது. போதுமா?"

எஸ்தரிடம் திரும்பி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் ராணியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

"மாட்டப் பாருங்க சார்."

அதன் பிறகுதான் என் கை உள்ளே போனது. கண்ணை மூடினேன். மடிப்புகள் இடப்பக்கமாகச் சுழன்று இறங்கின. இந்த இடத்தில் ஒரு தப்பு நடந்தால் எல்லாம் முடிந்தது. இடது முறுக்கு என்றால் மாட்டை இடப்பக்கமாகச் சாய்த்து, அதே திசையில் உருட்ட வேண்டும். மாற்றி உருட்டினால் முறுக்கு இன்னும் இறுகும். கையை எடுத்துவிட்டு, மறுபடியும் விட்டுப் பார்த்தேன். இடதுதான்.

வைக்கோலைப் பரப்பி, ராணியை இடப்பக்கமாகச் சாய்த்தோம். முன்கால்களைச் சேர்த்து ஒரு கயிறு, பின்கால்களைச் சேர்த்து ஒரு கயிறு. பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து நீளமான சாரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வயிற்றின்மேல் சரித்து வைத்தோம். பலகையின்மேல் யாராவது ஏறி நிற்க வேண்டும். அந்தப் பாரத்தில் கருப்பை நகராமல் நிற்கும். உடம்பு மட்டும் உருண்டு, முறுக்கு அவிழும்.

"கனமா யாராவது ஏறுங்க" என்றேன். எல்லாரும் தேவராஜைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன்டா பாக்கறீங்க?" என்றபடியே வேட்டியை மடித்துக் கட்டி, வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எஸ்தர் தலைமாட்டில் உட்கார்ந்து ராணியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். மாடு முதுகின்மேல் மெல்ல உருண்டது. பலகையின்மேல் பெரிய மனிதர் கூத்தாடிபோலக் கால் மாற்றி மாற்றி நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை உருட்டிவிட்டுக் கை வைத்தபோது மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிவது விரல் நுனியில் தெரிந்தது. குடம் உடைந்து வெதுவெதுப்பான நீர் என் மார்புவரை நனைத்தது. "அவுந்துச்சி!" என்று நான்தான் கத்தினேன்.

ஆனால் கருப்பை வாய் பாதிதான் திறந்திருந்தது. கையை இன்னும் நீட்டி, கன்றின் வாய்க்குள் விரலை விட்டேன். சப்பியது. மெதுவாக, தூக்கத்தில் சப்புவதுபோல.

வயிற்றை அறுத்து எடுக்க டாக்டர்தான் வேண்டும், அவர் இன்னும் வழியில்தான் இருந்தார். இழுத்தால் கன்று உயிரோடு வரலாம், தாய் கிழிந்துபோகும். ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் வாய் இளகும், தாய் பிழைக்கும், கன்று அதுவரை தாங்காது.

"உயிர் கீதா சார்?" என்றாள் எஸ்தர்.

"கீதும்மா."

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் உதடு அசைந்தது. பதிலை மாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒருவர், "இழுங்க சார், கன்னு வந்துரும்" என்றார். எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. ராணியின் கண்ணோரத்தில் மொய்த்த ஈயை ஓட்டிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஊசி போட்டேன். காத்திருந்தோம். என் விரல் கன்றின் வாய்க்குள்ளேயே இருந்தது. வெயில் கிளைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கனவுக்குள் நாங்கள் எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. விரலைச் சப்புவது மெதுவானது. விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு கமலாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம்.

வாய் முழுக்க இளகிய பிறகு கன்றை எடுத்தோம். பெட்டைக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எஸ்தர் அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து ராணியின் முன்னால் வைத்தாள். ராணி நக்கியது. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டது.

தேவராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் சேறு. தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒரு விஷயம் சொல்லட்டுமா சார்? இப்ப நீங்க கேட்டிருந்தா நான் அந்த வாக்கக் குடுத்திருக்க மாட்டேன். பலக மேல நின்னுகினு அதையேதான் நெனச்சிக்கினு இருந்தேன். மாடு பொழச்சா ஓட்டிக்கினு போயிடலாமான்னு. நல்லவேள, காலைலயே எல்லாரு எதுருலயும் வாயப் புடுங்கிட்டீங்க."

அது எஸ்தர் காதிலும் விழுந்திருக்கும். அவள் திரும்பவில்லை. ராணி எழுந்திருக்கப் பார்த்தது. முன்காலை ஊன்றி, முடியாமல் மறுபடியும் சரிந்தது. "எழுந்துருடி, எழுந்துரு என் கண்ணு" என்று அவள் அதன் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். அவளுடைய ஒரு தோளுக்கு அது அசையவில்லை. தேவராஜ் எழுந்து மறுபக்கம் போய், குனிந்து தன் தோளைக் கொடுத்தார். ராணி ஒருமுறை ஆடி, நான்கு கால்களிலும் எழுந்து நின்றது.